தமிழ்த் திரையில் உளவாளி நாயகர்

அரசின் ரகசியத் துறை ஒன்றில் பணிபுரியும் நாயகன், தன் உண்மை அடையாளத்தை மறைத்துக்கொண்டு, நாட்டுக்குக் கேடு சூழும் கும்பலுக்குள் நுழைந்து அதன் திட்டத்தை முறியடிப்பதாக அமையும் கதையைக் கொண்ட படவகை உளவாளிப் படம் எனப்படும். குற்றம் நடந்த பின் குற்றவாளியைத் தேடிப் போவது துப்பறியும் கதை, குற்றம் நடக்குமுன் அதைத் தடுக்கப் போவது உளவாளிக் கதை என்று இரண்டையும் பிரித்துச் சொல்லலாமெனினும், தமிழ்த் திரையுலகம் அந்த எல்லைக்கோட்டைப் பெரிதாக மதித்ததில்லை. காவல்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவை மட்டுமே குறிக்க வேண்டிய ‘சி.ஐ.டி.’ என்னும் சொல், தமிழ்ப் படங்களில் மாறுவேடத்தில் வரும் எந்த அதிகாரிக்கும் உரிய பெயராகி, ஊர் வழக்கில் அடுத்த வீட்டு விவகாரத்தை மோப்பம் பிடிப்பவரைக் கேலி செய்யவும் பயன்பட்டு வருவது இதற்குச் சான்று.

உலக அளவில் இவ்வகையின் நெடுந்தொடர் ஜேம்ஸ்பாண்ட் படங்களாகும். இயான் ஃப்ளெமிங் 1953இல் நாவலில் படைத்த இப்பாத்திரம், 1962இல் ‘டாக்டர் நோ’ படத்தின் வழியே திரைக்கு வந்தது. 2021 வரை ஒரே நிறுவனத்தின் தயாரிப்பில் 25 படங்கள் வெளிவந்துள்ளன. அவற்றில் ஷான் கானரி ஆறு, ஜார்ஜ் லேசன்பி ஒன்று, ரோஜர் மூர் ஏழு, டிமோத்தி டால்டன் இரண்டு, பியர்ஸ் பிராஸ்னன் நான்கு, டேனியல் கிரெய்க் ஐந்து என அறுவர் ஒரே பாத்திரத்தை ஏற்றனர். பாத்திரம் நிலைத்திருக்க நடிகர் மாறிக்கொண்டேயிருப்பதால், எந்த நடிகரின் பாண்ட் சிறந்தவர் என்னும் வழக்கு ரசிகரிடையே ஓயாமல் நடக்க முடிகிறது. தமிழில் நிலைமை நேர் எதிரானது: இங்கே நடிகர் நிலைத்திருக்கிறார், பாத்திரத்தின் பெயரும் எண்ணும் துறையும் படத்துக்குப் படம் மாறுகின்றன. ஆகவே தமிழின் உளவாளித் தொடரை, ஒரு கதைமாந்தரின் வரலாறாகப் பார்ப்பதைவிட, அந்த வேடத்தைத் தத்தம் பிம்பத்துக்கேற்ப வெட்டித் தைத்துக்கொண்ட நாயகர்களின் வரலாறாகப் பார்ப்பதே பொருந்தும்.

இதற்கான மண் நாவல்களால் பண்படுத்தப்பட்டது. ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிக் குவித்த துப்பறியும் நாவல்கள் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றிருந்தன. வடுவூராரின் ‘திகம்பர சாமியார்’ 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தால் படமாக்கப்பட்டபோது, பின்னாளில் வில்லனாகவே அறியப்பட்ட எம்.என். நம்பியார் துப்பறிவாளராகப் பல மாறுவேடங்களில் தோன்றினார். ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணனின் சங்கர்லால், வாசகர் மனத்தில் நவநாகரிகத் துப்பறிவாளரின் தோற்றத்தைப் பதித்துவைத்தார். பாண்ட் படங்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது, தமிழ்ப் பார்வையாளருக்குப் புதிதாக இருந்தவை கருவிகளும் வேகமும்தானே தவிர, வேடம் மாறும் நாயகன் அல்ல.

டி.ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1963இல் அவர் மறைந்த பின் மகன் ஆர். சுந்தரத்தின் கைக்கு வந்தது. குறித்த நாளில், குறித்த செலவில் படத்தை முடிக்கும் ஆலைக்கட்டுப்பாட்டுக்குப் பெயர்பெற்ற அந்நிறுவனத்துக்கு, பெரிய நட்சத்திரங்களின் கால்ஷீட்டுக்காக, அதாவது படப்பிடிப்புக்கு அவர்கள் ஒதுக்கித் தரும் நாட்களுக்காக, காத்திருப்பது ஒத்துவராத காரியமாக இருந்தது. 1965ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வெளியான ஜோசப் தளியத்தின் ‘இரவும் பகலும்’ படத்தில் அறிமுகமாகியிருந்த ஜெய்சங்கர், இந்தத் தேவைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தினார். 1966இல் ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’, 1967இல் ‘காதலித்தால் போதுமா’, 1969இல் ‘நான்கு கில்லாடிகள்’, 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’, 1972இல் ‘கருந்தேள் கண்ணாயிரம்’ என்று அந்நிறுவனத்துக்காக அவர் நடித்த சாகசப் படங்கள் அனைத்தும் கறாரான பொருளில் உளவாளிப் படங்கள் அல்ல. ஆயினும் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்னும் பட்டத்தை அவருக்குப் பெற்றுத்தந்த வரிசை இதுவே. சி.ஐ.டி. சங்கர் என்ற தலைப்பில் பாத்திரத்தின் பெயரும் நடிகரின் பெயரும் ஒன்றாகிவிடுவதைக் கவனிக்க வேண்டும். அப்படத்தில் நடித்த ஏ. சகுந்தலா வாழ்நாள் முழுவதும் ‘சி.ஐ.டி. சகுந்தலா’ என்றே அழைக்கப்பட்டார் என்பதும், படத்தின் பெயர் நடிகர்கள்மேல் எவ்வளவு ஆழமாக ஒட்டிக்கொண்டது என்பதைக் காட்டுகிறது.

இப்படங்களின் உலகம் தனக்கென்று ஓர் இலக்கணம் கொண்டது. வில்லனின் இருப்பிடம் மலையடிவாரத்திலோ பங்களாவின் நிலவறையிலோ இருக்கும். புத்தக அலமாரியைத் தள்ளினால் சுவர் சுழலும். பலகையில் வரிசையாகப் பதித்த சிவப்பு பல்புகள் மினுக்கும். கைப்பெட்டிக்குள் இரண்டு பெரிய சக்கரங்கள் சுற்றும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கும். பிடிபட்ட நாயகனை உடனே சுட்டுவிடாமல், தன் திட்டம் முழுவதையும் வில்லன் பொறுமையாக விளக்குவார். ஆர்.எஸ். மனோகர், எஸ்.ஏ. அசோகன் போன்றோரின் கணீர்க்குரல் அந்த விளக்கத்துக்கே ஒரு சுவையைக் கொடுத்தது. இடையில் விடுதி நடனம் ஒன்று கட்டாயம் உண்டு. அதற்கு வேதாவின் இசையும் எல்.ஆர். ஈஸ்வரியின் குரலும் அமைந்தால் படத்தைவிடப் பாட்டு நீண்ட காலம் வாழும். இவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், பாண்ட் படங்களின் செலவில் சிறு துளிகூட இல்லாமல் எடுக்கப்பட்டவை. வெளிநாட்டுக்குப் போக வசதியில்லாத இடத்தில் ஏற்காட்டு மலைப்பாதை உதவியது. மாடர்ன் தியேட்டர்ஸின் எச்சமாக இன்று ஏற்காட்டுச் சாலையில் நிற்பது நுழைவாயில் வளைவு மட்டுமே.

ஜெய்சங்கரின் சிறப்பு, அவர் வேடத்தைப் பெரிதுபடுத்தாமல் நடித்ததில் இருந்தது. சோ நடத்திய விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் நாடகங்களில் பழகியவர் என்பதால் வசனத்தை இழுக்காமல் வெட்டிப் பேசினார். சண்டையிலும் தசைவலிமையைவிடச் சுறுசுறுப்பையே நம்பினார். வாரந்தோறும் ஒரு படம் என்று சொல்லும் அளவுக்கு அவர் படங்கள் வெளிவந்து, ‘வெள்ளிக்கிழமை நாயகன்’ என்ற பெயரும் சேர்ந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் ரவிச்சந்திரனைக் கொண்டு ‘எதிரிகள் ஜாக்கிரதை’ (1967), ‘ஜஸ்டிஸ் விஸ்வநாதன்’ (1971) ஆகியவற்றை எடுத்தது. ஆனால் 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் அறிமுகமான அவரிடம் காதல் நாயகனின் துள்ளலே மேலோங்கி நின்றது. ஆபத்துக்குள் நுழைகிறவரின் எச்சரிக்கை உணர்வு ஜெய்சங்கரிடம் இருந்த அளவுக்கு அவரிடம் இல்லை.

முன்னணி நட்சத்திரங்கள் இருவரும் இத்துறையில் காலெடுத்து வைத்தபோது, வேடம் அவர்களுக்காக வளைந்துகொடுத்தது. பி.ஆர். பந்துலு இயக்கி 1968 ஜனவரியில் வெளியான ‘ரகசிய போலீஸ் 115’ படத்தில் எம்.ஜி.ஆர். வண்ணத்தில், எண் தாங்கிய உளவாளியாகத் தோன்றினார். பாண்டின் இரண்டு அடையாளங்களான மதுவும் பெண்ணாசையும் எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பத்துக்கு ஒவ்வாதவை ஆகையால், அவை முற்றிலும் நீக்கப்பட்டு, எண்ணும் துப்பாக்கியும் மாறுவேடமும் மட்டும் எஞ்சின. மறு ஆண்டு டி.ஆர். ராமண்ணாவின் ‘தங்கச் சுரங்கம்’ படத்தில் சி.பி.ஐ. அதிகாரியாக வந்த சிவாஜி கணேசன், அதே வேடத்துக்குள் குடும்ப உணர்ச்சியைக் கொண்டுவந்தார். பாண்டுக்குத் தாய் கிடையாது. தமிழ் உளவாளிக்குத் தாய் இல்லாமல் கதை நகராது.

அண்டை மொழிகளிலும் இதே காற்று வீசியது. தெலுங்கில் 1966இல் வந்த ‘கூடாச்சாரி 116’ கிருஷ்ணாவை அம்மொழியின் பாண்ட் ஆக்கியது. அது மறு ஆண்டே இந்தியில் ஜிதேந்திரா நடித்த ‘ஃபர்ஸ்’ ஆனது. தெலுங்கு 116க்கும் தமிழ் 115க்கும் நாயகி ஜெயலலிதாவே. கன்னடம் மட்டும் வேறு வழியில் சென்றது: 1968இல் ‘ஜேடர பலெ’ தொடங்கி 1978இல் ‘ஆபரேஷன் டைமண்ட் ராக்கெட்’ வரை, துரை–பகவான் இரட்டையர் இயக்கத்தில் நான்கு படங்களில் ராஜ்குமார் ‘சி.ஐ.டி. 999’ என்ற ஒரே பாத்திரமாக நடித்தார். பாத்திரமும் நடிகரும் சேர்ந்தே தொடர்ந்த இத்தகைய வரிசை அக்காலத் தமிழில் அமையவில்லை என்பது, தமிழ்த் தயாரிப்பாளர்கள் தவறவிட்ட வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

இப்படவகை 1960களின் பிற்பகுதியில் செழித்ததற்குப் பாண்டின் செல்வாக்கு மட்டும் காரணமல்ல. 1962இலும் 1965இலும் நடந்த போர்களுக்குப் பின், இராணுவ ரகசியம், அந்நிய ஒற்றன் ஆகிய சொற்கள் செய்தித்தாளிலிருந்து அன்றாடப் பேச்சுக்கு வந்துவிட்டன. சென்னையின் மேற்கே அது வெறும் பேச்சாகவும் இருக்கவில்லை. ஆவடியில் 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அருகிலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்தது. திரையில் வில்லன் திருட முயலும் வரைபடம் போன்ற ஒன்றைக் காவலுடன் வைத்திருந்த மதில்களுக்கு வெளியே, அந்தத் தொழிலாளர் குடும்பங்களும் இப்படங்களின் பார்வையாளராயின. அப்போது நகர எல்லைக்கு வெளியே கிடந்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற ஊர்களுக்குப் புதிய படங்கள் உடனே வந்துவிடா. நகரத்தின் பெரிய அரங்குகளில் ஓடித் தேய்ந்த பிரதிகளே, இரண்டாம் மூன்றாம் சுற்றில் புறநகர்க் கொட்டகைகளுக்கும் டூரிங் டாக்கீஸுகளுக்கும் வரும். கீறல் விழுந்த பிரதியில் திரையெங்கும் செங்குத்தாக ஓடும் கோடுகளை ‘படத்தில் மழை பெய்கிறது’ என்பார்கள், சி.ஐ.டி. நாயகன் அந்த மழையிலேயே துப்பறிந்தான்.

1970களின் நடுவில் இவ்வலை அடங்கியது. ஜெய்சங்கர் ‘துணிவே துணை’ (1976) போன்ற படங்களில் தொடர்ந்தபோதிலும், 1980இல் ‘முரட்டுக்காளை’யில் ரஜினிகாந்துக்கு வில்லனாக மாறினார். உளவாளி அக்காலத்தில் திரையைவிடப் படக்கதைகளில் வசதியாக வாழ்ந்தான். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியும், 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸின் ஜேம்ஸ்பாண்டும், பாண்ட் படம் ஒன்றைக்கூடப் பார்த்திராத சிறுவர்களுக்கு உளவாளி உலகை அறிமுகப்படுத்தினர். இதற்கிடையே உதய்பூரில் படமாக்கப்பட்ட ‘ஆக்டோபஸி’யில் (1983) சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், ரோஜர் மூருக்குத் துணை நிற்கும் உளவாளியாக நடித்தார். அசல் தொடருக்குள்ளேயே ஒரு சென்னைக்காரர் நுழைந்தது அப்போதுதான்.

தமிழில் அடுத்த பெருமுயற்சி 1986 மே மாதம் வெளியான ‘விக்ரம்’ ஆகும். சுஜாதா கதை எழுத, ராஜசேகர் இயக்க, கமல்ஹாசன் தயாரித்து நடித்த இப்படத்தில், ‘அக்னிபுத்ரா’ என்னும் ஏவுகணை கடத்தப்பட்டு, சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போகிறது. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதாவின் கைவண்ணத்தால், சிவப்பு பல்புப் பலகையின் இடத்தைக் கணிப்பொறி பிடித்தது. இந்தியாவின் அக்னி ஏவுகணை முதன்முறையாகச் சோதிக்கப்பட்டது 1989இல்தான் என்பதை நினைத்தால், அப்பெயர்த் தேர்வு வியப்பளிக்கிறது. சத்யராஜின் வில்லன் பாத்திரமும் இளையராஜாவின் தலைப்புப் பாடலும் நிலைத்தன. முதற்பாதியின் இறுக்கம் சலாமியாவுக்குப் போனதும் தளர்ந்து, அரண்மனைக் கேளிக்கையாகிவிட்டது. எதிர்பார்த்த வெற்றி கிட்டாததால் தொடரும் அமையவில்லை.

வெளிநாட்டு உளவுக்கென்று ‘ரா’ என்னும் அமைப்பு இந்தியாவில் உருவானதே 1968 செப்டம்பரில்தான். அதாவது ‘ரகசிய போலீஸ் 115’ வெளியாகி எட்டு மாதங்களுக்குப் பின். அந்தப் பெயர் தமிழ்ப் படங்களில் இயல்பாகப் புழங்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. கமல்ஹாசனே எழுதி இயக்கிய ‘விஸ்வரூபம்’ (2013), ‘ரா’ அதிகாரியை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பி, உளவு வேலையின் அறச்சிக்கலைத் தொட்டது. தமிழ்நாட்டில் தடைக்குள்ளாகிப் பிப்ரவரி 7 அன்று திரைக்கு வந்தது. நடனக் கலைஞனின் நளினம் ஒரு நொடியில் கொலைத்திறனாக மாறும் அந்தச் சண்டைக் காட்சி, மாறுவேடம் என்ற பழைய உத்தி உடல்மொழியின் அளவில் கையாளப்பட்ட சிறந்த இடமாகும். 2018இல் வந்த இரண்டாம் பாகம் அந்த உயரத்தை எட்டவில்லை.

2022 ஒரே ஆண்டில் மூன்று உளவாளிகளைக் கண்டது. ஏப்ரலில் வந்த ‘பீஸ்ட்’ படத்தில் விஜய்யின் ‘ரா’ அதிகாரி, வேடம் மாற்றும் தேவையே இல்லாமல், விஜய்யாகவே வந்து வென்றார். அக்டோபரில் வந்த பி.எஸ். மித்ரனின் ‘சர்தார்’ படத்தில் கார்த்தி, தேசத்துரோகி என்று பழி சுமந்து மறைந்துபோன உளவாளியாகவும் அவருடைய மகனான காவல் அதிகாரியாகவும் இரட்டை வேடம் ஏற்றார். புகழே கூடாத தொழிலில் இருக்கும் தந்தையையும் விளம்பரத்துக்கு ஏங்கும் மகனையும் எதிரெதிரே நிறுத்திய அமைப்பு, இவ்வகையில் அரிதான நுட்பம். இடையில் ஜூன் மாதம் வந்த லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’, 36 ஆண்டுகளுக்கு முந்தைய பாத்திரத்தின் பெயரை மீட்டெடுத்து, 31 வயதில் அதை ஏற்ற நடிகரையே 67 வயதில் மீண்டும் நிறுத்தியது. பாண்ட் முதுமையடையும்போது நடிகர் மாற்றப்படுவார்; இங்கே உளவாளி நரைத்த தாடியுடன் பேரனுக்குப் பாலூட்டுகிறார். வீட்டு வேலைக்காரியாக இருந்த ஏஜென்ட் டீனா சமையலறையிலிருந்து பாய்ந்து சண்டையிடும் காட்சி, விடுதி நடனத்துக்கும் மயக்கிச் சிக்கவைப்பதற்கும் மட்டுமே பெண்களைப் பயன்படுத்திவந்த இப்படவகையின் பழைய கணக்கில் ஒரு பகுதியை நேர்செய்தது.

தொடக்கத்திலேயே தொடராகத் திட்டமிடப்பட்ட உளவாளிப் படம் கௌதம் வாசுதேவ் மேனனின் ‘துருவ நட்சத்திரம்’. 2013இல் சூர்யாவைக் கொண்டு இத்தலைப்பு அறிவிக்கப்பட்டு, அவர் விலகியபின், விக்ரமைக் கொண்டு படப்பிடிப்பு நடந்தது. பாண்ட் தொடரில்போல நாயகர் மாற்றம் இங்கும் நேர்ந்தது, படம் எடுக்கப்படுமுன்பே. ‘யுத்த காண்டம்’ என்று பெயரிடப்பட்ட அதன் முதல் அத்தியாயம் 2023 நவம்பர் 24 அன்று வெளியாகும் என அறிவிக்கப்பட்டு, அன்று வெளியாகவில்லை.