கனெக்‌ஷன் பூலின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது யார்?

ஒரு நிறுவனத்தின் இணையச் செயலி ஜாவா அப்ளிகேஷன் சர்வரில் ஓடுகிறது. கணக்கு வழக்கோ ஐபிஎம் மெயின்ஃபிரேமின் சிஐசிஎஸ், சாப், ஆரக்கிள் என்று பல பின்தள அமைப்புகளில் கிடக்கிறது. ஒரு காலத்தில் ஒவ்வொரு சர்வரும் ஒவ்வொரு பின்தளத்துக்கும் தனி இணைப்பு நிரலை நாடவேண்டியிருந்தது. 5 வகைச் சர்வர்கள், 8 பின்தளங்கள் என்றால் 40 நிரல்கள். 2001-இல் ஜே2இஇ 1.3-உடன் வந்த கனெக்டர் ஆர்க்கிடெக்சர் இதை மாற்றியது. பின்தளத்துக்கு ஒரு ரிசோர்ஸ் அடாப்டர் இருந்தால் தரநிலையை ஏற்கும் எல்லாச் சர்வர்களிலும் அது பொருந்தும். இணைப்பு, பரிவர்த்தனை, பாதுகாப்பு மூன்றையும் சர்வரும் அடாப்டரும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பதையும் அந்தத் தரநிலை வகுத்தது.

பின்தள இணைப்புகளைத் திறந்தே வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் தொகுப்பான பூலில் எத்தனை இணைப்புகள் என்பதை மட்டும் அது வகுக்கவில்லை, வகுக்கவும் முடியாது. சர்வரை அமைப்பவர் அந்த எண்ணை நிரப்புகிறார். பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் முளைக்கின்றன. அந்த எண் பின்தளத்தின் தாங்குதிறனிலிருந்து வரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பரவலாகப் பயன்படும் ஹிகாரிசிபி பூலின் இயல்பு அளவு 10. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஏற்கும் இணைப்புகளின் இயல்பு உச்சவரம்பு 100. பத்துச் சர்வர்களை நிறுத்தினால் கணக்கு கச்சிதமாகப் பொருந்துவதுபோலத் தெரியும். ஆனால் அந்த 100-இல் 3 இடங்கள் சூப்பர்யூசருக்கென ஒதுக்கப்பட்டவை. மிஞ்சுவது 97, கடைசிச் சர்வருக்கு 7 மட்டுமே கிடைக்கும். புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய சர்வர்களும் புதியவையும் சற்று நேரம் சேர்ந்தே ஓடினால் நெருக்கடி இன்னும் கூடும். சர்வரை மட்டும் பார்த்து அமைப்பவரின் கண்ணுக்கு இந்தக் கூட்டல் தென்படவே செய்யாது.

உச்சவரம்பை 1000 ஆக்கிவிடலாமே என்பது வழக்கமான பதில். அது பிழையான பதில். போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி ப்ராசஸை உருவாக்குகிறது. 8 கோர்கள் கொண்ட கணினியில் 500 வினவல்கள் ஒரே நேரத்தில் முட்டிமோதினால், வேலைக்குப் போகவேண்டிய நேரம் ப்ராசஸ்களை மாற்றுவதிலும் பூட்டுகளுக்குக் காத்திருப்பதிலும் கரைகிறது. ஆரக்கிளின் செயல்திறன் குழுவினர் செய்துகாட்டிய சோதனை ஒன்றில், வேறெதையும் தொடாமல் பூலைச் சுருக்கியதுமே பதில் நேரம் சுமார் 100 மில்லிவினாடியிலிருந்து 2-க்கு இறங்கியது.

தேவையைக் கணக்கிடுவதும் கடினமில்லை. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதிப்படி, வினாடிக்கு 300 கோரிக்கைகள் வந்து, ஒவ்வொன்றும் இணைப்பை 20 மில்லிவினாடி பிடித்திருந்தால், சராசரியாக 6 இணைப்புகளே பயன்பாட்டில் இருக்கும். ஏற்ற இறக்கத்துக்கு இடம்விட்டாலும் 10 போதும். பின்தளம் தடுமாறி அதே வேலைக்கு 2 வினாடி எடுத்தால் 600 தேவைப்படும். அந்த நிலையை எந்தப் பூலும் சமாளிக்காது. அப்போது காப்பாற்றுவது காத்திருப்பு வரம்பு.

இதில்தான் இயல்பு மதிப்புகள் கைவிடுகின்றன. ஹிகாரிசிபி ஓர் இணைப்புக்காக 30 வினாடி காத்திருக்கும். டாம்கேட்டின் இயல்பு த்ரெட் எண்ணிக்கை 200. வினாடிக்கு 300 கோரிக்கைகள் வரும் இடத்தில் அத்தனை த்ரெட்களும் ஒரு வினாடிக்குள் மாட்டிக்கொள்ளும். தரவுத்தளமே தேவைப்படாத பக்கங்களும் அதோடு நின்றுவிடும். கிடைத்த இணைப்பில் பதில் வராவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டின் ஜாவா டிரைவர்களிலும் சாக்கெட் காத்திருப்புக்கு இயல்பாக எல்லையே இல்லை.

இணைப்பின் ஆயுளையும் பின்தளத்தைக் கேட்டே வைக்கவேண்டும். மைஎஸ்கியூஎல் இயல்பாக 8 மணி நேரம் சும்மா கிடக்கும் இணைப்பைத் துண்டித்துவிடும். பூல் அதை அறியாவிட்டால் காலையில் முதலில் நுழையும் பயனாளருக்குப் பிழைச் செய்திதான் கிடைக்கும்.

சிஐசிஎஸ் நிர்வாகிகள் ஒரே நேரத்தில் ஓடும் பணிகளுக்கு உச்சவரம்பு வைத்து நடத்துபவர்கள். அந்த ஒழுங்கு எல்லாப் பின்தளங்களுக்கும் வேண்டும். பின்தளத்தின் மொத்த வரம்பு, ஒவ்வொரு சர்வரின் பங்கு, காத்திருப்பு எல்லைகள் ஆகிய மூன்றையும் நிறுவனம் ஒரே பதிவேட்டில் வைக்கட்டும். அதில் எந்த எண்ணை மாற்றவும் பின்தள நிர்வாகியின் ஒப்புதலைக் கட்டாயமாக்கட்டும்.