முத்துசாமி என்கிற பிழை

2019 ஜூலைக் கடைசியில் ஜொகூர் கடற்பாலத்தின் இரண்டு பக்கமும் ஒரே பெயர் அடிபட்டது: கே. முத்துசாமி. அப்படி ஒரு ஆள் கிடையாது. உணவங்காடி நிலையங்களிலும் கோப்பிக்கடைகளிலும் ரொக்கம் இல்லாமல் பணம் கட்டும் ‘ஈ-பே’ முறைக்காகச் சிங்கப்பூரின் நெட்ஸ் நிறுவனம் வெளியிட்ட விளம்பரத்தில் வந்த ஒரு வேடம் அது. சீன நடிகர் டென்னிஸ் சியூ நான்கு வேடங்களில் நின்றிருந்தார். ஒன்று தூடோங் அணிந்த மலாய்ப் பெண். இன்னொன்று இந்திய ஆண். தோலைக் கருக்கியிருந்தார்கள். பெயரட்டையில் கே. முத்துசாமி.

அந்த வாரம் ஜொகூர் பாருவில் நான் கேட்ட பேச்செல்லாம் இரண்டே வகைதான். “தெரியாம செஞ்சிட்டாங்க, விடுங்கப்பா” என்பது ஒன்று. “தெரியாமலா? எல்லாம் வேணும்னே செய்றது. பாருங்க, காசு செலவில்லாம ஊரெல்லாம் அவன் பேருதான்” என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொன்னவர்கள் கொஞ்சம் விவரமானவர்களாகத் தெரிந்தார்கள். ஆனால் இரண்டு பேச்சும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்: பெரிசா எடுத்துக்காதே.

இந்த “வேணும்னே” என்ற சந்தேகம் இணையம் பெற்றெடுத்த பிள்ளை அல்ல. அதன் வரலாறு குறைந்தது 1835-க்குப் போகிறது. அந்த ஆண்டு அமெரிக்காவில் பி.டி. பார்னம் என்கிற இளைஞர், ஜாய்ஸ் ஹெத் என்ற கண்பார்வையற்ற கறுப்பினக் கிழவியை ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தார். அவர் அடிமையாக இருந்தவர். வயது 161, ஜார்ஜ் வாஷிங்டனைக் குழந்தையில் வளர்த்த தாதி என்பது விளம்பரம். பாஸ்டன் நகரில் கூட்டம் குறைந்தபோது பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. இந்தக் கிழவி மனுஷியே இல்லை, திமிங்கில எலும்பும் ரப்பரும் சுருள்வில்லும் வைத்துச் செய்த பொம்மை என்றது கடிதம். அதற்குப் பின்னால் இருந்தது பார்னம் தரப்புதான் என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஏற்கெனவே பார்த்தவர்களும் பொம்மையா மனுஷியா என்று பார்க்கத் திரும்ப வந்தார்கள். 1836-இல் ஹெத் இறந்ததும் அவர் உடலை அறுத்துப் பார்ப்பதையும் பார்னம் காட்சியாக்கினார். கட்டணம் 50 காசு. அறுத்த மருத்துவர், வயது 80-க்கு மேல் இருக்காது என்றார்.

விளம்பர வித்தையின் வரலாற்றில் இது முதல் பக்கங்களில் வருகிற கதை. சொல்பவர்கள் பார்னத்தின் மூளையை மெச்சுவார்கள். அந்த மூளை யாருடைய உடம்பில் வேலை செய்தது என்பதை நாம் மறக்காமல் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

அடுத்த பக்கம் 1985. ஏப்ரல் 23 அன்று கோக்க-கோலா தன் பழைய சுவையை எடுத்துவிட்டுப் புதிய கோக்கைக் கொண்டுவந்தது. மக்கள் கொதித்துப்போனார்கள். மூன்று மாதம் முடிவதற்குள் பழைய சுவை கடைக்குத் திரும்பியது, நன்றாகவும் விற்றது. உடனே, இதெல்லாம் முதலிலேயே போட்ட திட்டம் என்று பேச்சு கிளம்பியது. நிறுவனத்தின் தலைவர் டொனால்டு கியோ அதற்குச் சொன்ன பதில் பிரபலம்: நாங்கள் அவ்வளவு மடையர்களும் இல்லை, அவ்வளவு கெட்டிக்காரர்களும் இல்லை.

சரி, இரண்டும் இல்லையென்றால் என்ன? கியோ சொல்லாமல் விட்ட அந்த நடு இடத்தில்தான் நம்முடைய முத்துசாமி நிற்கிறார்.

முதலில் ‘வேணும்னே’ கட்சியைக் கவனிப்போம். கெட்ட பெயரும் லாபம்தான் என்ற நம்பிக்கையை ஜோனா பெர்கர், ஆலன் சோரன்சன், ஸ்காட் ராஸ்முசன் ஆகிய மூவர் 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சோதித்தார்கள். நியூயார்க் டைம்ஸ் கிழித்துப்போட்ட நூல்களின் விற்பனை என்ன ஆனது என்று பார்த்தார்கள். பெயர் தெரியாத எழுத்தாளர் என்றால் திட்டு வாங்கிய பிறகு விற்பனை 45 விழுக்காடு கூடியது. பெயர் பெற்றவர் என்றால் 15 விழுக்காடு குறைந்தது. காரணம் எளியது. யாருக்கும் தெரியாதவருக்குத் திட்டும் ஓர் அறிமுகம். திட்டு மறந்துபோகும், பெயர் நிற்கும். எல்லாருக்கும் தெரிந்தவருக்கு அந்த லாபம் இல்லை, திட்டு மட்டுமே மிச்சம்.

ஆக, வேண்டுமென்றே செய்தார்களா என்று கேட்குமுன் கேட்கவேண்டியது: இவர்களுக்குப் பெயர் தேவைப்பட்டதா? தேவைப்பட்டவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு அதே 2019 ஜூலையில், அதே சிங்கப்பூரில் உதாரணம் இருக்கிறது. பழைய பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களோடு போட்டிபோட வந்த சர்க்கிள்ஸ்.லைஃப், பொது இடத்தில் ஓர் இயந்திரம் வைத்தது. 3 வெள்ளி போட்டால் 50 வெள்ளி வரும். கூட்டம் அலைமோதியது, போலீஸ் வந்து நிறுத்தியது, செய்தியானது. இது ஸ்டண்ட். செய்தவர்கள் மறைக்கவும் இல்லை. ஸ்டண்டுக்கு எப்போதும் ஓர் இரண்டாம் காட்சி உண்டு. ‘அது நாங்கதான்’ என்று திரை விலகும் நேரம் அது. 2024 பிப்ரவரி 2 அன்று நடிகை பூனம் பாண்டே கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாக அவர் பக்கத்திலேயே செய்தி வந்தது. மறுநாள் அவரே காணொளியில் தோன்றி, விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்றார். இரண்டாம் காட்சி கையில் தயாராக இருந்தது.

நெட்ஸ் 1985-இலிருந்து இயங்குகிறது. உரிமையாளர்கள் மூன்று பெரிய வங்கிகள். சிங்கப்பூரில் வேலை செய்யும் ஜொகூர்க்காரர்களுக்கும் அந்தப் பெயர் தண்ணீர்பட்ட பாடு. பெயர் தெரிவதற்காகத் திட்டு வாங்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. இரண்டாம் காட்சியும் எதுவும் வரவில்லை. படம் எடுக்கப்பட்டது, மன்னிப்பு வந்தது, அவ்வளவுதான். அப்படியானால் முதல் கட்சி சொன்னது சரியா, வெறும் பிழையா?

வெறும் பிழை எப்படி இருக்கும் என்று பார்க்க மலேசியாவிலேயே ஒன்று இருக்கிறது. 2018 சீனப் புத்தாண்டு நாய் ஆண்டு. உள்நாட்டு வாணிப அமைச்சு சின் சியூ நாளிதழில் முழுப்பக்க வாழ்த்து வெளியிட்டது. அதில் ஒரு சேவல் நின்று ‘வாங் வாங்’ என்று குரைத்தது. சீன மொழியில் அது நாயின் சத்தம். ஊரே சிரித்தது. அமைச்சு, தொழில்நுட்பப் பிழை என்று வருத்தம் தெரிவித்தது. முஸ்லிம்கள் மனம் நோகுமோ என்ற பயத்தில் நாயைத் தவிர்த்திருப்பார்களோ என்று பலரும் சந்தேகப்பட்டார்கள், ஏனென்றால் அந்த ஆண்டு சில கடைகள் அப்படித்தான் செய்தன. எதுவாக இருந்தாலும் அந்தச் சேவல் யாரையும் கீழே தள்ளவில்லை. சிரிப்புக்கு ஆளானது அதைப் போட்டவர்கள்தான்.

இதற்கு முந்தைய ஆண்டு, 2017 ஜூனில் வந்தது வேறு வகை. நோன்புப் பெருநாளுக்காக வாட்சன்ஸ் மலேசியா ‘லெகெண்டா சுன் ராயா’ என்றொரு காணொளி வெளியிட்டது. ஒரு செல்வந்தர் இனிமையான பாட்டுக் குரல் கேட்டு மயங்குகிறார். முகத்திரை விலகுகிறது. உள்ளே கரி பூசிய முகம். மனுஷர் அலறிப் பின்வாங்குகிறார். பிறகு அவள் வாட்சன்ஸ் பொருள் போட்டு முகம் கழுவ, வெள்ளையாகிறாள். கண்டனம் எழுந்ததும் நிறுவனம் முதலில் மன்னிப்புக் கேட்கவில்லை, விளக்கம் கொடுத்தது: இது சாபத்தால் கறுத்த டாயாங் செனாண்டோங் என்ற இளவரசியின் பழங்கதை, அக அழகைப் பற்றியது. விளக்கம் எடுபடாமல் போன பிறகுதான் மன்னிப்பு வந்தது, காணொளி நீக்கப்பட்டது.

இந்த வரிசை முக்கியம். ஸ்டண்ட் செய்தவர் இப்படித் தடுமாறமாட்டார். கை தவறியவர் உடனே உணர்ந்துகொள்வார். விளக்கம் சொல்பவர் இருவரில் எவரும் இல்லை. தான் செய்தது சரி என்று உண்மையிலேயே நம்பியவர் அவர். சோப்பு போட்டால் கறுப்பு போகும் என்பது 19-ஆம் நூற்றாண்டின் பியர்ஸ் சோப்பு விளம்பரம். கறுப்புக் குழந்தையைத் தொட்டியில் உட்காரவைத்துக் கழுவி வெளுக்கவைத்த படம் அது. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 1975-இல் இந்தியக் கடைகளுக்கு வந்து, 2020-இல்தான் பெயரில் இருந்த ‘ஃபேர்’-ஐக் கைவிட்டது. நம் வீடுகளிலும் அந்த டியூப் இருந்தது. எனவே வாட்சன்ஸ்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. இத்தனைக்கும் 2002-இல் பிராட் பிட் நடித்த டொயோட்டா விளம்பரத்தை, வெள்ளைக்காரர் முகம் ஆசியர்களுக்குத் தாழ்வு மனப்பான்மையைத் தருகிறது என்று சொல்லி நிறுத்திய நாடு மலேசியா. விளம்பரத்தில் வரும் முகம் ஒருவரைத் தாழ்த்தும் என்பது இங்கே யாருக்கும் தெரியாத சங்கதி அல்ல. வெளியிலிருந்து வரும் முகம் உறுத்தியது, உள்ளே பூசிய கரி உறுத்தவில்லை.

இப்போது அந்தப் பெயரட்டைக்குத் திரும்புவோம். ஒரு விளம்பரம் வெளியே வருமுன் யோசனை, வரைவு, நடிகர் தேர்வு, ஒப்பனை, படப்பிடிப்பு, வாடிக்கையாளர் ஒப்புதல் என்று பல கைகளைக் கடக்கிறது. முத்துசாமி என்று யாரோ பெயர் வைத்தார்கள். முன்னால் ஒரு தலைப்பெழுத்து போட்டால்தான் இந்தியப் பெயர் போல இருக்கும் என்று யாரோ யோசித்து ‘கே’ சேர்த்தார்கள். எந்த அளவு கருப்பு என்று யாரோ முடிவு செய்து தடவினார்கள். கை தவறிய இடத்தில் இத்தனை அக்கறை இருக்காது. நம்மைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்களுக்கு, அந்த இடத்தில் நிற்க ஒரு நிஜத் தமிழரைக் கூப்பிடலாம் என்று மட்டும் தோன்றவில்லை. பல வேடங்களை ஏற்கக்கூடியவர் என்பதால் இந்த நடிகரைத் தேர்ந்தெடுத்தோம், மின்பணம் எல்லாருக்கும் உரியது என்று காட்டவே அப்படிச் செய்தோம் என்பது விளம்பர நிறுவனம் ஹவாஸும் நடிகரின் முகவர் நிறுவனமும் தந்த விளக்கம். எல்லாருக்கும் உரியது என்று சொல்ல ஒருவரே போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2016-இல்தான் மீடியாகார்ப்பின் டோகல் தளத்தில் ஒரு நாடகத்தில் சீன நடிகருக்குக் கரி பூசி ஆப்பிரிக்கராகக் காட்டி, கண்டனமும் அபராதமும் வந்திருந்தன. மூன்று வருஷத்தில் அது யார் நினைவிலும் இல்லை. நினைவு வைத்திருக்கவேண்டிய தேவை அந்த அறையில் யாருக்கும் இருக்கவில்லை என்பதுதான் என் கணிப்பு. கியோ விட்ட நடு இடத்துக்கு நான் வைக்கும் பெயர் இதுதான்: பழக்கம். பிழை திருத்தினால் போய்விடும். தந்திரம் அம்பலமானால் தோற்றுவிடும். பழக்கம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போகும்.

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். சிங்கப்பூர்க் கலைஞர்கள் பிரீத்தி நாயரும் அவர் தம்பி சுபாஷும் ‘கே. முத்துசாமி’ என்றே ஒரு ராப் காணொளி வெளியிட்டார்கள். கெட்டவார்த்தையும் சீனர்கள் மீதான ஏச்சும் அதில் இருந்தன. இனங்களுக்கிடையே பகை வளர்க்கும் என்று அரசு அதை நீக்கச் சொன்னது. அவர்கள் வெளியிட்ட முதல் மன்னிப்பு, விளம்பரக்காரர்களின் மன்னிப்பு வாசகத்தை அப்படியே எதிரொலித்தது. உள்துறை அமைச்சு, இது போலி மன்னிப்பு, கேலி என்றது. இருவரும் மறுபடி, நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்டார்கள். ஆகஸ்டில் அவர்களுக்கு 24 மாத நிபந்தனையுடன் எச்சரிக்கை கிடைத்தது. விளம்பரத்தில் குற்றம் எதுவும் இல்லை என்று காவல்துறை சொல்லிவிட்டது. ராப்பின் மொழியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரே மாதிரியான வாசகம் ஒரு வாயில் மன்னிப்பாகவும் இன்னொரு வாயில் கேலியாகவும் கேட்டதை மறக்க முடியவில்லை.

வேணும்னே செய்தார்கள் என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. நம்மைச் சீண்டுவதற்காவது உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறார்கள் என்ற சுகம் அது. திட்டம் போட்டிருந்தால் நாம் அவர்கள் நினைப்பில் இருந்திருப்போம். பார்னத்துக்குக்கூட ஜாய்ஸ் ஹெத் என்ற உடம்பு நேரில் தேவைப்பட்டது. 2019-இல் அதுவும் தேவைப்படவில்லை, பெயரும் கொஞ்சம் சாயமும் போதுமாக இருந்தது.

விடியுமுன் ஜொகூர் பாருவிலிருந்து மோட்டாரில் பாலத்தைக் கடக்கிறவர்களில் நிஜமான முத்துசாமிகள் இருக்கிறார்கள். கழுத்தில் வேலை இடத்துப் பெயரட்டை, அதில் தலைப்பெழுத்தும் பெயரும். அந்தப் பக்கம் கோப்பிக்கடையில் ஒரு கோப்பி வாங்கி, நெட்ஸில் பணம் கட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.