கல்முனைக் கரையில் மெதடிஸ்த திருச்சபை

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் தமிழ் பேசும் முஸ்லிம்களும் இந்துக்களும் நெருங்கி வாழும் கல்முனையில் சிறுபான்மையாக நிலைகொண்ட புரட்டஸ்தாந்து சபை. இதன் வேர் மட்டக்களப்பில் உள்ளது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்ததே.

1813 டிசம்பரில் மெதடிஸ்தப் போதகர் தோமஸ் கோக் தலைமையில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய மிஷனரிமாருள் வில்லியம் ஓல்ட் ஒருவர். வழியில் அவருடைய மனைவி இறந்தார். கோக்கும் கடலிலேயே காலமானார். 1814 ஜூனில் காலியில் இறங்கியவர்கள் பிரிந்து செல்ல, ஓல்ட் தனியே மட்டக்களப்புக்கு வந்தார். தமிழ் கற்றார், பள்ளி தொடங்கினார். ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்ரல் 1இல் அங்கேயே மரித்தார். இத்தனை குறுகிய உழைப்பு இவ்வளவு ஆழமாக வேரூன்றியது வியப்புக்குரியது: மட்டக்களப்பின் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அவரையே தன் நிறுவுநராகக் கொண்டாடுகிறது.

மட்டக்களப்பு வாவி கல்முனைப் பக்கம் வரை தெற்கே நீள்கிறது. 1924இல் கல்லடிப் பாலம் திறக்கப்படும் முன், மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே போக வாவியைப் படகில் கடந்தே ஆக வேண்டியிருந்தது. மட்டக்களப்பில் போலவே, கல்முனைக் கரையிலும் ஆலயத்தின் வரலாற்றைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிரித்து எழுத முடியாது. மிஷன் வழிவந்த கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலை இப்போதும் மெதடிஸ்த இயக்க முன்னோடி உவெஸ்லியின் பெயரையே தாங்கி நிற்கிறது. மிஷன் பாடசாலைகள் பலவும் 1960களின் தொடக்கத்தில் அரசுடைமையாயின. 1964இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை தன்னாட்சி பெற்றது.