டிக்கெட் வாங்கினவன் ஏமாறலையாம்!

எங்க ஈஜிபுராவுக்குப் பக்கத்துல இருக்குற நேஷனல் கேம்ஸ் வில்லேஜ், 1997 தேசிய விளையாட்டுக்காகக் கட்டினது. விளையாட்டை அப்படிக் கொண்டாடின பெங்களூர்லதான் 2019-ல கர்நாடக பிரீமியர் லீக் வழக்கும் வந்துச்சு. காசு வாங்கிட்டு மெதுவா ஆடினாங்கன்னு குற்றச்சாட்டு. மத்திய குற்றப்பிரிவு போலீஸ் டீம் ஓனர், ஆட்டக்காரங்க, கோச்சுன்னு வரிசையா கைது பண்ணுச்சு.

2022 ஜனவரியில கர்நாடக உயர்நீதிமன்றம் நாலு பேர் மேல இருந்த வழக்கை ரத்து பண்ணிடுச்சு. மேட்ச் ஃபிக்ஸிங், மோசடிக்கான 420-வது பிரிவுல வராதாம். ரசிகர் தானா விரும்பித்தான் டிக்கெட் வாங்குறார், யாரும் தூண்டி வாங்க வைக்கலைன்னு தீர்ப்பு. நடவடிக்கை எடுக்கணும்னா கிரிக்கெட் வாரியம் எடுக்கட்டுமாம். (வெயில்ல வரிசையில நின்னு டிக்கெட் வாங்கினவங்களைக் கேட்டுப் பாருங்க!)

இது புதுசு இல்லீங்க. 2000-ல டெல்லி போலீஸ் ஒட்டுக்கேட்ட போன்ல ஹன்சி குரோனியே மாட்டினார். ஆயுள் தடை போட்டது அவர் நாட்டு வாரியம்தான், கோர்ட் இல்லை. 2013 ஐபிஎல் வழக்கும் 2015-ல டெல்லி கோர்ட்ல நிக்கலை.

இங்கிலாந்துல கதையே வேற. 2010 லார்ட்ஸ் டெஸ்ட் நோபால் விவகாரத்துல மூணு பாகிஸ்தான் ஆட்டக்காரங்களுக்கு 2011-ல சிறைத் தண்டனை. அங்க பந்தயம் சட்டப்படி நடக்குது, அதனால பந்தயத்துல ஏமாத்துறதும் குற்றம். பெட்ஃபேர் மாதிரி எக்ஸ்சேஞ்சுல ஒருத்தர் 'தோப்பார்'னும் பணம் கட்டலாம். ஆபத்துதான், ஆனா கணக்கு இருக்கும். 2007-ல ஒரு டென்னிஸ் மேட்ச்ல பணம் தாறுமாறா குவிஞ்சதும் பெட்ஃபேரே எல்லாப் பந்தயத்தையும் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. நம்ம புக்கிகிட்ட யார் போய் கணக்கு கேக்கறது?

இலங்கை 2019-லயே தனிச் சட்டம் போட்டுடுச்சு, பத்து வருஷம் வரை சிறை. நம்ம வழக்கு மேல்முறையீடா உச்சநீதிமன்றத்துக்குப் போச்சு.