கப்பல்காரர் பேர் வெச்ச ஈ

எங்க கரிசக்காட்டுப் பக்கம் பருத்தி, ஆமணக்கு, தட்டாம்பயறு இலையில வெள்ளையா நெளிஞ்சு நெளிஞ்சு ஒரு கோடு ஓடும். பார்த்திருப்பீங்க. சம்சாரிகளைக் கேட்டா, பருத்தியில இருந்தா பருத்திக்கு வந்த நோய்னும், பயறுல இருந்தா பயறுக்கு வந்த நோய்னும் சொல்வாங்க. சிரிச்சுராதீங்க. பூச்சிக்குப் பேர் வைக்கிற விஞ்ஞானிகளும் ரொம்ப காலம் இதையேதான் பண்ணிக்கிட்டு இருந்தாங்க.

கோட்டுக்குக் காரணம் ஒரு ஈ. நீளம் இரண்டு மில்லிமீட்டர் இருந்தா அதிகம். பெண் ஈ இலையைக் குத்தி முட்டை வைக்கும், கசியற சாறையும் குடிக்கும். ஆணுக்குக் குத்தத் தெரியாது. பெண் போட்ட ஓட்டையில ஓசியில குடிச்சுக்கும். (வீட்டுக்கு வீடு வாசப்படி!) முட்டையிலேருந்து வர்ற மஞ்சப் புழு, இலையோட மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவுல சுரங்கம் தோண்டித் தின்னுக்கிட்டே போகும். புழு வளர வளர கோடும் அகலமாகும். அப்புறம் இலையைக் கிழிச்சுக்கிட்டு மண்ணுல விழுந்து கூட்டுப்புழு ஆயிரும்.

இதுக்கு முதல்ல பேர் வெச்சது 1880-ல, அமெரிக்காவுல. வெள்ளை குளோவர்ங்கிற தீவனச் செடியோட இலையிலேருந்து கிடைச்ச ஈயை எட்வர்ட் பர்ஜஸ் விவரிச்சு எழுதினார். குளோவரோட தாவரப் பேர் ட்ரைஃபோலியம், அதனால ஈ 'ட்ரைஃபோலியை' ஆச்சு. இந்த பர்ஜஸ் சுவாரசியமான ஆளு. பாஸ்டன்காரர், ஹார்வர்டுல பூச்சியியல் சொல்லிக்கொடுத்தவர். பிற்பாடு பாய்மரப் படகு வடிவமைக்கப் போயிட்டார். 1885, 1886, 1887-ன்னு மூணு வருஷமும் 'அமெரிக்கா கோப்பை'யை அந்த நாட்டுக்குக் காப்பாத்திக் கொடுத்த பியூரிட்டன், மேஃப்ளவர், வாலண்டியர் மூணுமே அவர் போட்ட வடிவம். 1891-ல 43 வயசுல போயிட்டார். படகு விஷயத்துல அவரை இன்னிக்கும் கொண்டாடுறாங்க. ஈ விஷயத்துல, லிரியோமைசா ட்ரைஃபோலியைன்னு எழுதி பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள பர்ஜஸ்னு போடுறதோட சரி.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கூத்து. இதே ஈக்கு 1943-ல ஃப்ராஸ்ட் பீன்ஸை வெச்சு ஒரு பேர் கொடுத்தார். 1955-ல ஃப்ரிக் வெங்காயத்தை வெச்சு இன்னொண்ணு. செடி மாறினா ஈயும் வேறன்னு நினைப்பு! இந்த இனத்துல எல்லா ஈயும் கருப்பும் மஞ்சளுமா ஒரே அச்சு. தலையில ரெண்டு முடி மஞ்சள் இடத்துல முளைச்சிருக்கா கருப்புலயா, முதுகு பளபளக்குதா சாம்பல் பூத்திருக்கா, இப்படித்தான் பார்க்கணும். அதுவும் போதாது. ஆண் ஈயோட இனப்பெருக்க உறுப்பை அறுத்து நுண்ணோக்கியில வெச்சாத்தான் தீர்ப்பு. அந்தப் பொறுமையான வேலையில பேர் வாங்கினவர் கென்னத் ஸ்பென்சர். விவசாயத்தைப் பாதிக்கிற இந்தக் குடும்ப ஈக்களைப் பத்தி 1973-ல பெரிய புத்தகமே போட்டார்.

1976-ல ஃப்ளோரிடாவிலேருந்து போன செவ்வந்திக் கிளைத்துண்டுகளோட ஈ கென்யாவுக்குப் போச்சு. இந்தியாவுல 1991-ல ஹைதராபாத் பக்கம் ஆமணக்குல பதிவாச்சு. கோவில்பட்டியில விவசாய ஆராய்ச்சி நிலையம் வந்தது 1901-லயே. அது வந்து 90 வருஷத்துக்கு அப்புறம்தான் இந்தப் புது விருந்தாளி. நம்ம மானாவாரிக்காட்டுலயோ அதுக்குப் பிடிச்ச ஆமணக்கு, பருத்தி, பயறு எல்லாம் பக்கத்துப் பக்கத்துல!

பேர்ல என்ன இருக்குன்னு கேட்கலாம். பணம் இருக்குங்க. எலுமிச்சை இலையில வெள்ளி மாதிரி ஓடற கோடு ஈயே இல்ல, அந்துப்பூச்சி. அதை 1856-லயே கல்கத்தா மாதிரியை வெச்சு ஸ்டெயின்டன் விவரிச்சுட்டார். நிலக்கடலை சுருள்பூச்சியும் அந்துதான். எல்லாத்தையும் 'இலைத்துளைப்பான்'னு ஒரே சாக்குல போட்டு, உரக்கடையில கொடுக்கிற மருந்தை வாங்கி அடிச்சா? இந்த ஈப்புழு தோலுக்கு உள்ள பத்திரமா இருக்கும். ஃப்ளோரிடாவுலயே மருந்துக்குப் பழகிப்போன பரம்பரை வேற. சாகறது அந்தப் புழுவைத் தின்னு அழிக்கிற குட்டிக் குளவிங்க. குளவி போச்சுன்னா ஈ முன்னைவிட ஜாஸ்தியாகும், சம்சாரி மறுபடி மருந்துக்குக் கடன் வாங்குவார். மழையை நம்பி விதைக்கிற ஊர்ல இது சின்ன விஷயம் இல்ல.

நுண்ணோக்கி இல்லாதவங்களுக்கு என் யோசனை: கோடு போட்ட இலையை வெயிலுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. புழு உள்ள இருந்தா ஊசியால மெதுவா எடுங்க. பருத்தி, பயறுல காலும் இல்லாம, தனியா தலையும் தெரியாம மஞ்சளா இருந்தா அது ஈப்புழு. கடலைச் செடியில இலையை மடிச்சு நூல் கட்டியிருந்து, புழுவுக்குத் தலையும் காலும் தெரிஞ்சா அது சுருள்பூச்சி.

கதை இன்னும் முடியல. 2006-ல ஷெஃபரும் லூயிஸும் மரபணுவைப் பார்த்தாங்க. 'ட்ரைஃபோலியை'க்குள்ளயே குடைமிளகாயில இருக்கிற கூட்டம் மத்ததுலேருந்து நல்லா விலகி நிக்குது. ரெண்டு தனி இனமா இருக்கலாமாம். அப்படிப் பிரிச்சா பர்ஜஸ் வெச்ச பேர் குளோவர் ஈக்குத்தான் போகும், மிளகாய் ஈக்குப் புதுப்பேர் வேணும். இந்தத் தடவையும் செடியை வெச்சே பேர் வைப்பாங்களோ என்னவோ!