ஆன்டெனா சிறுத்த வரலாறு

வானொலிப் பெட்டி நம் நாட்டு இல்லங்களுக்குள் நுழைந்த காலத்தில், அதனுடன் கூரைமீது ஒரு நீண்ட கம்பியும் ஏறிற்று. அதனை ஏரியல் என்று வழங்கினோம். பின்னர்த் தொலைக்காட்சி வந்தபோது, மீன்முள் வடிவில் அலுமினியக் குழாய்கள் மொட்டைமாடிதோறும் முளைத்தன. இன்றோ, உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசியின் வெளியே கம்பியும் இல்லை, குழாயும் இல்லை. ஆன்டெனா என்பதே ஒழிந்துபோயிற்று என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. கைப்பேசியினுள் ஒன்றல்ல, பல ஆன்டெனாக்கள் அடுத்தடுத்து ஒடுங்கியிருக்கின்றன. கோபுரத்துடன் தொடர்பு கொள்வதற்குச் சில. வைஃபை இணைப்புக்குச் சில. திசை காட்டும் செயற்கைக்கோள்களின் குறிப்புகளைப் பெறுவதற்கு வேறொன்று.

ஆன்டெனா எவ்வாறு இவ்வளவு சிறுத்தது? இத்துணை நெருக்கத்தில் நிற்பவை ஒன்றையொன்று கெடுக்காமல் இருப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களின் வரலாற்றையே நாம் இங்குக் காண முற்படுகிறோம். சிறுமையும் தனித்தன்மையும் ஒன்றுக்கொன்று முரண்பட்ட விருப்பங்கள். ஒன்றை நெருங்குந்தோறும் மற்றொன்று விலகிச் செல்லும். அவ்விழுபறி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது.

மின்காந்த அலைகள் உண்டு என்பதை மாக்ஸ்வெல் கணிதத்தால் நிறுவினார். அவற்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். கார்ல்ஸ்ரூயே நகரில் 1887, 1888 ஆகிய ஆண்டுகளில் அவர் சோதனைகளை நடத்தினார். நடுவே சிறு இடைவெளி விட்ட இரு கம்பிகள் அவருடைய அனுப்பும் கருவி. சிறு பிளவுடைய கம்பி வளையம் அவருடைய வாங்கும் கருவி. உலகின் முதல் ஆன்டெனாக்கள் இவையே எனலாம்.

ஹெர்ட்ஸ் காட்டிய வழியில் மிகச் சிறிய அலைகளை நாடிச் சென்றவர் நம் நாட்டவராகிய ஜகதீஷ் சந்திர போஸ். கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பணியாற்றிய அவர், சில மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தம் கருவிகளை இயக்கிக் காட்டினார். அலை சிறிதாகையால் கருவியும் சிறிதாயிற்று; எல்லாம் ஒரு மேசைமீது அடங்கின. அலைகளைச் சேர்த்து வாங்குவதற்கு அவர் கையாண்ட, வாய் அகன்ற உலோகக் குழாய், இன்று கொம்பு ஆன்டெனா எனப்படுவதன் முன்னோடி.

ஆயினும், காலத்தின் தேவை வேறு திசையில் இழுத்தது. கடல் கடந்து செய்தி அனுப்ப வேண்டும் என்று விரும்பிய மார்க்கோனி, நீண்ட அலைகளைக் கையாண்டார். இங்கிலாந்தின் போல்டு என்னுமிடத்தில், ஒவ்வொன்றும் 200 அடி உயரமுள்ள 20 கம்பங்களை வட்டமாக நாட்டினார். 1901 செப்டம்பரில் வீசிய புயல் அவற்றைச் சாய்த்தது. தற்காலிகமாக எழுப்பிய கம்பிகளைக் கொண்டே பணி தொடர்ந்தது. அட்லாண்டிக்கின் மறுகரையில், நியூபவுண்ட்லாந்தில், ஏறத்தாழ 500 அடி நீளமுள்ள கம்பியைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, 1901 டிசம்பர் 12 அன்று குறிப்பைக் கேட்டதாக அவர் அறிவித்தார்.

இத்துணை நீளம் ஏன் வேண்டியிருந்தது? ஆன்டெனாவின் நீளம் அலைநீளத்தைப் பொறுத்தது. கம்பி அலையின் பாதி நீளம் இருக்குமானால் மின்னோட்டம் அதில் இசைந்து ஊசலாடும். ஆற்றல் எளிதாக வெளியேறும். கம்பம் தரைமீது நிற்குமாயின், தரையே கண்ணாடிபோல் மறுபாதியின் வேலையைச் செய்வதால் கால் பங்கே போதும். மத்திய அலையில் 1,000 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு அலைநீளம் 300 மீட்டர். அதில் கால் பங்கு 75 மீட்டர். மத்திய அலை ஒலிபரப்பு நிலையங்களின் கம்பங்கள் பனைமரத்தையும் விஞ்சி உயர்ந்து நின்றதன் காரணம் இதுவே.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். ஆன்டெனாக்கள் அருகருகே நின்றால் என்ன நேரும்? ஜப்பானில் செண்டாய் நகரின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் 1926 ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வியத்தகு விடையை வெளியிட்டனர். அவர்கள் அமைத்த கோல்களுள் ஒன்றுக்கு மட்டுமே மின் இணைப்பு உண்டு. ஏனையவை யாதோர் இணைப்புமின்றி அதன் அருகே நிற்பவை. அவை அண்டையிலுள்ள கோலின் அலையை ஏற்றுத் தாமும் அலை எழுப்பும். நீளத்தையும் இடைவெளியையும் தக்கவாறு அமைத்தால், எல்லா அலைகளும் ஒரு திசையில் ஒன்றுகூடி வலுப்பெறும். நம் மாடிகளில் முளைத்த மீன்முள் இதுவே. இங்கு அண்டை ஆன்டெனாக்களின் பரஸ்பரப் பிணைப்பு மனிதனுக்கு ஊழியம் செய்தது.

1932 ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனப் பொறியியலாளராகிய பி. எஸ். கார்ட்டர் இப்பிணைப்பை அளவிடும் கணக்கு முறையை வெளியிட்டார். அண்டைக் கம்பியின் விளைவை ஊகத்தால் அன்றி எண்ணால் அறிய வழி பிறந்தது. நெருக்கம் மிகுந்தால் பிணைப்பும் மிகும் என்பது ஐயமற விளங்கிற்று. யாகியின் கோல்களுக்கு ஊழியனாக இருந்த அதே பிணைப்பு, தனித்தனியே பணி செய்ய வேண்டிய ஆன்டெனாக்களிடையே திருடனாக மாறும் என்பதும் இதனுள் அடங்கியிருந்தது.

ஆன்டெனாவைச் சுருக்குவதற்கு எல்லை உண்டா என்னும் வினாவுக்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் விடை கிடைத்தது. ஹெரால்டு வீலர் 1947 ஆம் ஆண்டிலும், லான் ஜென் சூ 1948 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகள் அவ்வெல்லையை வரையறுத்தன. ஆன்டெனாவைச் சுற்றி ஒரு கோளம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அக்கோளம் அலைநீளத்தைவிட மிகச் சிறிதாயின், வெளியே செல்லும் ஆற்றலைவிட, அருகிலேயே தேங்கி ஊசலாடும் ஆற்றல் பன்மடங்காகிவிடும். கோளத்தின் ஆரம் பாதியானால் இத்தேக்கம் ஏறத்தாழ எட்டு மடங்காகும். அத்தகைய ஆன்டெனா, நாகசுரத்துக்குத் துணையாக ஒரே சுருதியை ஒலிக்கும் ஒத்தினைப் போன்றது. குறுகிய அதிர்வெண் பட்டை ஒன்றில் மட்டுமே அது வேலை செய்யும். பட்டையை அகலமாக்க விரும்பினால், ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக இழக்க நேரிடும். எத்துணைக் கூரிய அறிவாலும் இவ்விதியை மீற இயலாது. அது காட்டும் எல்லைக்கு எவ்வளவு அருகில் செல்லலாம் என்பதே பொறியியலாளரின் முயற்சி.

அம்முயற்சிகள் பல வழிகளில் நடந்தன. மின்காப்புப் பலகைமீது செப்புத் தகட்டையே ஆன்டெனாவாக அச்சிடும் கருத்தை 1953 ஆம் ஆண்டில் டெஷாம்ப் வெளியிட்டார். 1970களில் மன்சன் முதலியோர் அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். மின்காப்புப் பொருளினுள் அலை சுருங்கும் ஆதலால், தகடும் சுருங்கிற்று. ஏவுகணைகளுக்காக ஆராயப்பட்ட கவிழ்ந்த எஃப் வடிவ ஆன்டெனா மற்றொரு வழி. ஒரு முனையைத் தரைத்தகட்டுடன் இணைத்துவிட்டு, அலைநீளத்தின் கால் பங்கைக் கொண்டே இயங்குவது அது. அதனைத் தட்டையாக்கிக் கைக்கருவிக்குள் பொருத்துவது பற்றி ஜப்பானியப் பொறியியலாளர் டாகாவும் சுனெகாவாவும் 1987 ஆம் ஆண்டில் விரிவாக எழுதினர்.

1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் மார்ட்டின் கூப்பர் பேசிக் காட்டிய கைப்பேசியில் ஆன்டெனா வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. 1999 ஆம் ஆண்டில் வந்து உலகெங்கும் பரவிய நோக்கியா 3210 கைப்பேசியில் அது பெட்டிக்குள் மறைந்துவிட்டது. சிறுமைக்கான போராட்டம் வென்றதுபோல் தோன்றிற்று. ஆனால் அதே காலத்தில் வேறொரு தேவை வளர்ந்துகொண்டிருந்தது. ஓர் ஆன்டெனா போதாது. பல வேண்டும் என்பதே அத்தேவை.

இதன் வேர் பழையது. தொலைவிலிருந்து வரும் சிற்றலை பல வழிகளில் வந்து சேர்வதால், சில வேளை தன்னைத்தானே அழித்துக்கொண்டு மங்கும். ஓரிடத்தில் மங்கும் அலை சற்றுத் தள்ளி வலுவாக இருக்கும். ஆகையால், ஆன்டெனாக்களை இடைவெளி விட்டு நிறுத்தி, அவை வாங்குவதைச் சேர்க்கும் முறையைப் பெவரேஜ், பீட்டர்சன் ஆகிய இருவரும் 1931 ஆம் ஆண்டில் விளக்கினர். அவர்களிடம் பரந்த வெளி இருந்தது. தாராளமாக விலக்கி வைத்தனர்.

பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றிப் பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் சென்ற ஆரோக்கியசாமி பால்ராஜ், இதனினும் ஒரு படி மேலே சென்றார். அலை பல வழிகளில் வருவதை இடையூறாகக் கொள்ளாமல் வாய்ப்பாகக் கொண்டால், ஒரே அதிர்வெண்ணில் ஒரே வேளையில் பல செய்திகளை அனுப்பலாம் என்பது அவர் கருத்து. அவருக்கும் தாமஸ் கைலாத்துக்கும் இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1994 ஆம் ஆண்டில் கிடைத்தது. இக்கருத்து மைமோ என்னும் பெயரில் வளர்ந்தது. 2009 ஆம் ஆண்டின் வைஃபை விதிமுறை நான்கு செய்தி ஓடைகள் வரை இடமளித்தது. 2014 ஆம் ஆண்டில் பால்ராஜுக்கு மார்க்கோனிப் பரிசு வழங்கப்பட்டது.

ஆனால் மைமோ பயன்தர வேண்டுமாயின், ஆன்டெனாக்கள் ஒன்றன் பேச்சில் மற்றொன்று தலையிடலாகாது. அரை அலைநீள இடைவெளி இருந்தால் நன்று என்பர். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைக்கு அது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர், இடம் கிடைத்துவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கோ 21 சென்டிமீட்டர். கைப்பேசியே அத்துணை நீளம் இல்லை!

பொறியியலாளர் ஐசொலேஷன் என வழங்கும் பண்பு இங்கேதான் வருகிறது. இதனைத் தமிழில் தனிமை என்று பெயர்த்தால் பொருள் திரிந்துவிடும். தனிமையில் இருப்பது அயலாரே இல்லாத நிலை. இங்கு அயலார் உண்டு, ஒட்டியே உண்டு. ஒருவர் பொருளை மற்றவர் கவராமல் இருக்க வேண்டும் என்பதே கருத்து. ஆகையால் தனிப்படுத்தல் என்று நாம் சொல்வோம். இதனை டெசிபல் கணக்கில் அளப்பர். 6 டெசிபல் என்றால், ஓர் ஆன்டெனாவுக்குக் கொடுத்த ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கு அண்டையிலுள்ளதன் வாயில் போய்விடுகிறது. 10 டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்கு. 20 டெசிபல் என்றால் நூற்றில் ஒரு பங்கு. கோபுரத்தின் அருகில் இருப்பவருக்குக் கால் பங்கு இழப்பு தெரியாது. கோபுரத்தின் எட்டும் எல்லையில், ஒரு சிற்றூரிலிருந்து இரவில் மருத்துவ வண்டியை அழைப்பவருக்கோ, அக்கால் பங்கே அழைப்பு செல்வதற்கும் செல்லாமைக்கும் இடையிலான வேறுபாடாகலாம்.

தனிப்படுத்தலுக்குக் கண்ட வழிகள் சுவையானவை. ஒன்றன் அலையை நின்றவாக்கிலும் மற்றொன்றன் அலையைக் கிடந்தவாக்கிலும் அதிரச் செய்வது எளிய முறை. இரு ஆன்டெனாக்களுக்கும் பொதுவான தரைத்தகட்டின் வழியே மின்னோட்டம் கசிகின்றமையால், அத்தகட்டில் பிளவுகளை வெட்டிப் பாதையை மறிப்பது மற்றொன்று. அலை பரவவொட்டாத சிறு உலோகக் காளான்களின் வரிசையை 1999 ஆம் ஆண்டில் சீவன்பைப்பரும் அவர் கூட்டாளிகளும் அமைத்தனர்; அதனை இரு ஆன்டெனாக்களுக்கிடையே வேலிபோல் நிறுத்தலாம் என்று 2003 ஆம் ஆண்டில் யாங், ரஹ்மத்-சாமி இருவரும் காட்டினர். 2006 ஆம் ஆண்டில் பிரான்சிலிருந்து டியாலோ, லுக்சே முதலியோர் வெளியிட்ட முறை மிக நுட்பமானது. இரு ஆன்டெனாக்களையும் ஒரு மெல்லிய கம்பியால் வேண்டுமென்றே இணைத்தனர். வெளிவழியே கசியும் குறிப்புக்கு நேரெதிரான குறிப்பு அக்கம்பி வழியே செல்லும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பிரிப்பதற்காகவே இணைத்தனர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

எனினும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை உண்டு. பிளவு, தகட்டை வலுவிழக்கச் செய்யும். காளான் வேலி இடத்தை விழுங்கும். எதிர்க்குறிப்புக் கம்பி குறுகிய பட்டையிலேயே பயன்படும். இவற்றுடன் மனிதனுடைய கையும் ஓர் அயலாராக வந்து சேர்கிறது. 2010 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோன் 4 கருவியில், விளிம்பின் உலோகச் சட்டமே ஆன்டெனாவாக அமைந்தது. சட்டத்திலிருந்த குறுகிய இடைவெளியை விரல் தொட்டு மறைத்தபோது இணைப்பு நலிந்தது. மேலுறை ஒன்றை இலவசமாக வழங்க நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட விதியைப் புதிய நூற்றாண்டின் அழகிய பெட்டியும் தாண்ட இயலவில்லை.

2022 அக்டோபர் 1 அன்று நம் நாட்டில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கப்பட்டது. அதற்கு முன் நடந்த ஏலத்தில் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் இடம்பெற்றது. இதன் அலைநீளம் 12 மில்லிமீட்டருக்கும் குறைவு; அரை அலைநீளம் 6 மில்லிமீட்டர் அளவே. இவ்வளவு சிறிய அலைக்கு, விரல் நகத்தளவு இடத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டெனாக்களை அமைக்கலாம். கல்கத்தாவில் போஸ் மேசைமீது வைத்து ஆராய்ந்த அலைகளின் உலகுக்கே உலகம் திரும்பி வந்துள்ளது. ஆயினும் இங்கும் விலை உண்டு. இவ்வலை நெடுந்தொலைவு செல்லாது. சுவரும், மழையும், பிடித்திருக்கும் கையுமே அதனைத் தடுக்கும்.

ஆதலின், தொலைவில் வாழ்வோர்க்கு நீண்ட அலைகளே இனியும் துணை. அவ்வலைகளுக்கான ஆன்டெனாவைச் சிறு பெட்டிக்குள் செம்மையாக அமைக்கும் பணி முடிந்துவிடவில்லை. புதிய கைப்பேசி ஒன்றைக் கையில் எடுக்கும்போது, அதன் மெல்லிய உடலையும் பளபளப்பையும் நாம் வியக்கிறோம். கோபுரம் எட்டாத் தொலைவிலும் அது நம் குரலைக் கொண்டு சேர்க்குமா என்பதையும் சேர்த்தே நாம் கேட்கப் பழக வேண்டும்.