குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தும் கால எல்லையும்

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது முதுமொழி. காலம் மிஞ்சினாலும் அமுதம் நஞ்சாகும் என்பதைப் பக்கவாத மருத்துவத்தின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

பக்கவாதம் இரு காரணங்களால் வரும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயைக் குருதிக்கட்டி அடைத்துக் கொள்வது ஒன்று. குழாய் வெடித்துக் குருதி கசிவது மற்றொன்று. முன்னதற்குக் கட்டியைக் கரைப்பது மருந்து. பின்னதற்கோ அதுவே கூற்றுவன்.

1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டில்லட் என்னும் அறிஞர், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் உறைந்த குருதியைக் கரைக்கும் பொருளொன்றைச் சுரப்பதைக் கண்டார். பிற்காலத்தில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் எனப் பெயர் பெற்றது அதுவே. 1958இல் சஸ்மன், ஃபிட்ச் ஆகிய இருவர், கட்டி கரைக்கும் மருந்தொன்றைப் பக்கவாத நோயாளர் மூவருக்குச் செலுத்திப் பார்த்தனர். 1960களின் முற்பகுதியில் ஜான் ஸ்டெர்லிங் மேயர் குழுவினர் ஸ்ட்ரெப்டோகைனேஸை ஆராய்ந்தபோது, மருந்து பெற்றோரிடையே இறப்பு மிகுந்திருந்தது. அந்நாளில் மண்டைக்குள் கசிந்த குருதியைப் படத்தில் நேரே காணும் வழி இல்லை. 1971இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த சி.டி. கருவி முதல் நோயாளியைப் படம் பிடித்த பின்னரே அவ்வழி திறந்தது.

எனினும் படம் மட்டும் போதவில்லை. 1990களில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த மூன்று ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஆய்வுகள், மூளையில் குருதி கசிந்து இறந்தோர் பெருகியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டன.

திருப்பம் 1995 டிசம்பரில் வந்தது. அமெரிக்காவின் தேசிய நரம்பியல் கோளாறுகள் மற்றும் பக்கவாத நிறுவனம் 624 நோயாளரிடம் நடத்திய ஆய்வில், அல்டெப்ளேஸ் என்னும் மருந்து நோய் கண்ட 3 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டது. நோயாளியின் நிலையை மோசமாக்கும் மூளைக் கசிவு மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 6.4 பேருக்கும், பெறாதோரில் 0.6 பேருக்கும் நேர்ந்தது. ஆயினும் மூன்று மாதங்களுக்குப் பின் ஊனமின்றித் தேறியோர் மருந்து பெற்றவருள்ளேயே மிகுதி. இறந்தோர் தொகையும் உயரவில்லை. 1996இல் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது.

அந்த 6.4 பேர் யாவர் என்னும் வினா அடுத்து எழுந்தது. தொடக்கத்திலேயே கடுமையாகத் தாக்கப்பட்டோர், முதற் படத்திலேயே மூளை வீக்கம் தெரிந்தோர், முதியோர், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ மிகுந்தோர், காலந்தாழ்ந்து மருந்து பெற்றோர் ஆகியோருக்கே இடர் மிகுதி என்று ஆய்வுகள் காட்டின. காரணமும் விளங்கியது: குருதி பெறாத மூளைப் பகுதியில் குழாய்ச் சுவர்களும் நேரத்துக்கு நேரம் நலிவுறுகின்றன. அடைப்பு நீங்கிக் குருதி பாயும்போது நலிந்த சுவர் தாங்காது கசிகின்றது. நிலை மோசமாவதற்குக் கசிவு ஒன்றே காரணமன்று. கரைந்த கட்டி மீண்டும் உறைந்து அடைப்பதும், மூளை வீங்குவதும் உண்டு.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை கிளீவ்லாந்து நகரம் காட்டியது. அந்நகர மருத்துவமனைகளைப் பற்றி 2000இல் வெளிவந்த அறிக்கையின்படி, மருந்து பெற்றோரில் பாதிப் பேரிடம் வகுத்த முறை வழுவியிருந்தது. கசிவு நூற்றுக்கு 15.7 ஆக உயர்ந்தது. பின்னர் அந்நகரின் மருத்துவமனைக் குழுமம் ஒன்று முறைகளைச் செம்மைப்படுத்தியபோது கசிவும் குறைந்தது. மருந்து மாறவில்லை, கொடுத்த முறையே மாறியது.

2008இல் வந்த ஐரோப்பிய ஆய்வு கால எல்லையை 4½ மணியாக நீட்டியது. சிறப்புப் படங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு இன்று அதற்குப் பின்னும் மருந்து தரப்படுகின்றது. ஆயினும் தாமதம் நன்மையைக் குறைக்கும் என்னும் உண்மை மாறவில்லை. முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறுவதைக் கண்டும் விடியட்டும் என்று காத்திருப்போர், அம்மருந்து அமுதமாக இருக்கும் காலத்தையே இழந்து விடுகின்றனர்.